தொப்பை இருக்குன்னு சொல்லி டைப் 2 முத்திரை குத்திடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல மருத்துவப் பக்கத்துல சுகர் பத்தி ஒரு முழுப்பக்க கட்டுரை வந்திருந்துச்சு, தொப்பை குறைஞ்சா சுகர் தானா இறங்கும், மாத்திரையே நிறுத்திடலாம்னு. நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, சுகர் இருக்கிற நிறைய பேருக்கு அது பொருந்தவும் செய்யும், நான் மறுக்கல. ஆனா அவ்வளவு பெரிய பக்கத்துல, 30 வயசுக்கு மேல வர்ற ஆட்டோஇம்யூன் சுகர்னு ஒண்ணு, அதாவது நம்ம நோய் எதிர்ப்பு படையே நம்ம கணையத்தைத் தாக்கறதால வர்ற சுகர், இருக்குங்கறதுக்கு ஒரு வரி கூட இல்ல. அந்த ஒரு வரி எங்க கண்ணுல படாததால எங்க வீட்ல மூணு வருஷம் போச்சு, கிட்டத்தட்ட ஒரு உயிரே போயிருக்கும். அதனாலதான் எழுதறேன். நீளமாத்தான் இருக்கும், இடம் இல்லன்னா பாதியை வெட்டிப் போடுங்க, டெஸ்ட் பேரு வர்ற இடத்தை மட்டும் வெட்டிடாதீங்க.

எங்க வீட்டுக்காரருக்கு 43 வயசுல சுகர்னு தெரிஞ்சுது. அப்போ அவருக்கு இடுப்பு சுத்தளவு 104 செ.மீ., பாத்தாலே தெரியற தொப்பை. டாக்டர் ரிப்போர்ட்டைப் பாத்தாரு, வயித்தைப் பாத்தாரு, டைப் 2ன்னு எழுதி மெட்ஃபார்மின் குடுத்தாரு. மொதல் எட்டு மாசம் நல்லாத்தான் போச்சு, மூணு மாச சராசரி சுகரைக் காட்டற எச்பிஏ1சி 7.1க்கு வந்துச்சு, நாங்களும் அப்பாடான்னு இருந்தோம். அப்புறம் 8.9, கிளிமிபிரைடு சேர்த்தாங்க, கொஞ்ச நாள் இறங்கிச்சு, மறுபடி ஏறிச்சு, 10.4ல வந்து நின்னுச்சு, மூணாவதா டாபாகிளிஃப்ளோசின் சேர்த்தாங்க. ஒவ்வொரு தடவை போகும்போதும் ஒரே கேள்விதான், "வாயைக் கட்டறீங்களா? நடக்கறீங்களா?" அவர் தினம் காலைல ஒரு மணி நேரம் நடந்துட்டுத்தான் இருந்தாரு, தட்டுல என்ன விழுதுன்னு எனக்குத் தெரியும், நான்தானே போடறேன். ஆனாலும் அந்தக் கேள்வியை திரும்பத் திரும்ப கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அவர் குளிக்கப் போனப்ப ஆபீஸ் பையைத் திறந்து பாத்திருக்கேன், ஏதாவது இனிப்பு கவர் கிடக்குதான்னு. ஒண்ணும் இல்ல. பேனா, கண்ணாடி பெட்டி, மாத்திரை அட்டை, அவ்வளவுதான். அதை நினைச்சா இன்னிக்கும் மனசு கிடந்து அடிச்சுக்குது.

மூணாவது வருஷம் அவருக்கு வெயிட் இறங்க ஆரம்பிச்சுது, அஞ்சு மாசத்துல 11 கிலோ. பாக்கறவங்க எல்லாம் பாராட்டினாங்க, ஆளே மாறிட்டீங்க, எங்களுக்கும் அந்த ரகசியத்தை சொல்லுங்கன்னு கேட்டவங்க உண்டு. பெல்ட்ல மொத ஓட்டையும் பத்தாம போயி ஆணியைச் சுட வெச்சு ரெண்டு புது ஓட்டை போட்டாரு, அதை என்கிட்ட காட்டி சிரிச்சாரு, எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா தொப்பை பாதிதான் குறைஞ்சிருந்துச்சு, தொடையும் தோளும் வத்திப் போயிருந்துச்சு, ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போவாரு, தலைமாட்டுல வெச்ச தண்ணி விடியறதுக்குள்ள காலியாயிடும். இன்சுலின் இல்லாம உடம்பு தன் சதையையும் கொழுப்பையும் தானே கரைச்சு எரிச்சுக்கிட்டு இருந்திருக்கு, அதுக்குத்தான் நாங்க எல்லாரும் கை தட்டிட்டு இருந்திருக்கோம்.

அப்புறம் ஒரு நாள் விடியக்காலைல வாந்தி, வயித்து வலி, ஓடி வந்தவர் மாதிரி மூச்சு இரைக்குது, வாயில அழுகின பழம் மாதிரி ஒரு வாடை. ஆஸ்பத்திரில சுகர் பாத்தா 212தான். அவ்வளவு பெரிய நம்பர் இல்லையா, வயிறு கெட்டிருக்கும்னு ஊசி போட்டு அனுப்பப் பாத்தாங்க. நைட் ட்யூட்டில இருந்த ஒரு சின்ன வயசு டாக்டரம்மா மட்டும் மாத்திரை அட்டையை வாங்கிப் பாத்துட்டு யூரின்ல கீட்டோன், அதாவது உடம்பு கொழுப்பை எரிக்கறப்ப வர்ற அமிலம், இருக்கான்னு பாக்கச் சொன்னாங்க. அந்த ஸ்ட்ரிப் கண்ணு முன்னாடியே கத்திரிப்பூ கலர் தாண்டி கருநீலமா போச்சு. டாபாகிளிஃப்ளோசின் மாதிரி எஸ்ஜிஎல்டி2 மாத்திரைங்க சுகரை யூரின் வழியா வெளியேத்திடும், அதனால ரத்தத்துல சுகர் 250க்குக் கீழ இருக்கும்போதே கீட்டோன் ஏறி ரத்தமே அமிலமாகிற கீட்டோஅசிடோசிஸ் வந்துடலாம், உடம்புல இன்சுலின் கம்மியா இருக்கிறவங்களுக்கு அந்த ஆபத்து ரொம்ப அதிகம். சுகர் நம்பரை மட்டும் பாத்தா ஏமாந்துடுவோம். அந்த டாக்டரம்மா ஏமாறல. ஐசியூல நாலு நாள் இருந்து வந்தாரு.

அங்கதான் ரெண்டு டெஸ்ட் எழுதினாங்க, நோய் எதிர்ப்பு படை கணையத்தைத் தாக்குதான்னு காட்டற ஜிஏடி ஆன்ட்டிபாடி, உடம்பு சொந்தமா எவ்வளவு இன்சுலின் சுரக்குதுன்னு காட்டற சி-பெப்டைடு. ஜிஏடி ரொம்ப அதிகமா பாசிட்டிவ், சி-பெப்டைடு 0.5 நானோகிராம். ரொம்ப மோசமான நேரத்துல எடுத்தா சி-பெப்டைடு தற்காலிகமா கீழ போய் காட்டும்னு சொல்லி ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி எடுத்தாங்க, கூடவே அதே ஊசில சுகரும் பாத்தாங்க, 0.6. அவருக்கு வந்தது டைப் 2வே இல்ல. லாடா. பெரியவங்களுக்கு மெதுவா வர்ற ஆட்டோஇம்யூன் சுகர், சில பேர் டைப் ஒன்றரைன்னு கூட சொல்றாங்க.

இந்தப் பேரு இன்னிக்கு நேத்து வந்தது இல்ல. டைப் 2ன்னு நினைச்சு மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தவங்க ரத்தத்துல ஜிஏடி ஆன்ட்டிபாடி இருக்கறதைப் பாத்து தீனாமைய்யா டுவோமி, பால் ஜிம்மெட் இவங்க குழு இந்தப் பேரை வெச்சது 1993ல. 30 வயசுக்கு மேல இருக்கணும், கணையத்துக்கு எதிரான ஆன்ட்டிபாடி ஒண்ணாவது இருக்கணும், மொதல் ஆறு மாசத்துக்கு இன்சுலின் இல்லாமலே சமாளிச்சிருக்கணும், இதுதான் அடையாளம். இங்கிலாந்துல நடந்த யூகேபிடிஎஸ் ஆராய்ச்சில புதுசா டைப் 2ன்னு சேத்தவங்கள்ல சுமார் 10 சதவீதம் பேருக்கு இந்த ஆன்ட்டிபாடி இருந்துச்சு. ஐரோப்பாவுல ஆக்‌ஷன் லாடான்னு ஒரு ஆராய்ச்சில பெரியவங்களானப்புறம் சுகர் வந்த 6,156 பேரைப் பாத்தாங்க, 9.7 சதவீதம் பேருக்கு ஆன்ட்டிபாடி. எல்லா நாட்டுலயும் இதே கணக்குன்னு சொல்ல முடியாது, ஆனா அபூர்வம்னு ஒதுக்கற நோய் இல்லங்கறதுக்கு இது போதும். டைப் 1ங்கற ஆட்டோஇம்யூன் சுகர் சின்னப் பசங்களுக்குத்தான் வரும்னு நம்மள்ல முக்கால்வாசி பேரு நினைக்கறோம், 2018ல இங்கிலாந்துல யூகே பயோபேங்க்ங்கற பெரிய மருத்துவத் தகவல் தொகுப்பை வெச்சு மரபணு கணக்குப் போட்டுப் பாத்தப்ப, 60 வயசு வரைக்கும் வந்த டைப் 1ல 42 சதவீதம் 30 வயசுக்கு மேலதான் வந்திருந்துச்சு.

இப்போ தொப்பை விஷயத்துக்கு வரேன், இந்தக் கடிதத்தையே அதுக்காகத்தான் எழுத உக்காந்தேன்.

ஆட்டோஇம்யூன்னா ஆள் ஒல்லியா இருப்பாரு, தொப்பைன்னா டைப் 2, இதுதான் நிறைய பேரு மனசுல பதிஞ்சு போன படம். சராசரியா எடுத்துக்கிட்டா அதுல உண்மை உண்டு, லாடா இருக்கிறவங்க டைப் 2 காரங்களை விட ஒல்லிதான். ஆனா சராசரியா வந்து டாக்டர் முன்னாடி உக்காருது, ஒரு ஆள்தானே உக்காருறாரு. ஆஸ்திரேலியாவுல 2006ல ஒரு குழு அஞ்சு கேள்வி வெச்சு ஒரு கணக்கு போட்டாங்க: சுகர் வந்தப்ப வயசு 50க்குக் கீழயா, தாகம், அடிக்கடி யூரின், காரணமில்லாம மெலியறதுன்னு அறிகுறி வேகமா வந்துச்சா, உயரத்துக்கு ஏத்த எடைக் கணக்கான பிஎம்ஐ 25க்குக் கீழயா, அவருக்கே வேற ஆட்டோஇம்யூன் நோய் இருக்கா, குடும்பத்துல யாருக்காவது இருக்கா. அஞ்சுல ரெண்டு "ஆமா" வந்தாலே ஆன்ட்டிபாடி பாக்கணும், ஒண்ணு கூட இல்லன்னாலோ ஒண்ணுதான் இருக்குன்னாலோ லாடா இல்லன்னு கிட்டத்தட்ட தைரியமா சொல்லலாம். இதுல நல்லா கவனிங்க, உடம்பு வாகு அஞ்சுல ஒண்ணே ஒண்ணுதான், தொப்பை இருந்தா அந்த ஒரு மார்க்குதான் போகும், மிச்சம் நாலு அப்படியே நிக்குது. எங்க வீட்டுக்காரருக்கு வயசு 43, ஒண்ணு. அவரோட தங்கச்சிக்கு ஹாஷிமோட்டோ தைராய்டு, அதுவும் ஆட்டோஇம்யூன்தான், ரெண்டு. மொத நாளே ரெண்டு மார்க் இருந்திருக்கு, கேக்கத்தான் ஆளில்ல. கூடப் பொறந்தவங்களுக்கு தைராய்டு இருக்கான்னு ஒரு கேள்வி கேக்க எவ்வளவு நேரம் ஆகும்?

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் இதை விட யோசிக்க வெக்கிறது. தொப்பை லாடாவை மறைக்கறது மட்டும் இல்ல, அதோட வளர்ச்சிக்கும் கை குடுக்குதோன்னு ஆராய்ச்சிங்க வருஷக்கணக்கா சொல்லிட்டு வருது. நார்வேல ஹன்ட்னு ஒரு பெரிய மக்கள் கணக்கெடுப்பு, அதுல 2007லயே அதிக எடையும் உடல் உழைப்பு இல்லாததும் லாடா வர்ற வாய்ப்பைக் கூட்டுதுன்னு எழுதினாங்க. அப்புறம் 2018ல ஸ்வீடன், நார்வே ரெண்டு நாட்டுத் தகவலையும் சேர்த்துப் பாத்தப்ப உடல் பருமன் உள்ளவங்களுக்கு லாடா வர்ற வாய்ப்பு சுமார் 3 மடங்கு. டைப் 2க்கு இருக்கிற சம்பந்தம் இதை விட பல மடங்கு பலம், உண்மைதான், ஆனா ஆட்டோஇம்யூன்னு பேரு வெச்ச நோய்க்கு 3 மடங்குங்கறது சாதாரணமா? ஜிஏடி அளவு கம்மியா இருந்தவங்ககிட்ட இந்த சம்பந்தம் இன்னும் அதிகமா தெரிஞ்சுது. குடும்பத்துல சுகர் இருந்து எடையும் அதிகமா இருந்தா ரெண்டும் சேந்து ஏத்தி விடுது.

ஏன் இப்படின்னு நான் படிச்சுப் படிச்சு புரிஞ்சுக்கிட்டதை சொல்றேன், நான் டாக்டர் இல்ல, ஆனா மூணு வருஷமா இதைத்தான் படிக்கறேன், எழுதறதுக்கு முன்னாடி எங்க டாக்டர்கிட்ட காட்டி சரி பாத்துட்டுத்தான் அனுப்பறேன்.

வயித்துல ரெண்டு வகை கொழுப்பு. தோலுக்கு அடியில கையில பிடிச்சா வர்றது ஒண்ணு. உள்ள, குடலைச் சுத்தியும், குடலுக்கு முன்னாடி ஏப்ரன் கட்டின மாதிரி தொங்கற ஓமெண்டம்லயும் சேர்றது இன்னொண்ணு, அது கையில சிக்காது. தொந்தரவு பண்றது இந்த உள்கொழுப்புதான். அதுல இருந்து கிளம்பற ரத்தம் நேரா போர்ட்டல் சிரை வழியா கல்லீரலுக்குப் போகுது, அதனால அங்க ஊறுற கொழுப்பு அமிலமும் அழற்சி ரசாயனமும் மொதல்ல கல்லீரல் வாசல்லதான் போய் விழுது.

கொழுப்புன்னா சும்மா மூட்டை கட்டி வெச்ச சேமிப்புன்னுதான் ரொம்ப நாள் நினைச்சிருந்தாங்க. 1993ல ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மேன் குழு, குண்டு எலிங்களோட கொழுப்புல டிஎன்எஃப்-ஆல்ஃபாங்கற அழற்சிப் பொருள் ஊறுது, அதுதான் இன்சுலினை வேலை செய்ய விடாம தடுக்குதுன்னு காட்டினாங்க. அடுத்த வருஷமே லெப்டின், அதுக்கடுத்து அடிபொனெக்டின்னு கொழுப்பு செல்லே சுரக்கிற ஹார்மோன்கள் வெளிய வந்துச்சு, கொழுப்பும் ஒரு சுரப்பிதான்னு ஆச்சு. 2003ல வந்த ஆராய்ச்சிதான் என்னை உலுக்கிச்சு. ஒல்லியானவங்க கொழுப்புல மேக்ரோஃபேஜ்னு சொல்ற காவல்கார வெள்ளணுக்கள் 10 சதவீதத்துக்கும் கீழதான், குண்டானவங்க கொழுப்புல அது கிட்டத்தட்ட 40 சதவீதம் வரைக்கும் போகுது. அதாவது கொழுப்புன்னு நாம நினைக்கிற இடத்துல எண்ணிப் பாத்தா பத்துக்கு நாலு செல் நோய் எதிர்ப்பு படையைச் சேந்தது. மைக்ராஸ்கோப் படம் ஒண்ணு பாத்தேன், உப்பிப் போயி செத்துப் போன ஒரு கொழுப்பு செல்லைச் சுத்தி இந்த மேக்ரோஃபேஜ் எல்லாம் நெருக்கமா ஒட்டி நிக்குது, கிரீடம் வெச்ச மாதிரி, அதுக்கு மருத்துவத்துலயும் கிரீட அமைப்புன்னுதான் பேரு. செத்த செல்லை விழுங்க வந்த கூட்டம் வேலை முடியாம அங்கயே தங்கி தீயை ஊதிட்டு இருக்கு.

மேக்ரோஃபேஜோட நிக்கல. நோய் எதிர்ப்பு படையை அடக்கி வெக்கிற ரெகுலேட்டரி டி செல்னு ஒண்ணு உண்டு, சொந்த உடம்பையே தாக்காதேன்னு கட்டுப்படுத்தறது அதுதான். 2009ல பாத்தாங்க, நல்லா இருக்கிற எலியோட வயித்துக் கொழுப்புல இந்த செல் நிறைய இருக்கு, குண்டான எலில அதே இடத்துல ரொம்ப குறைஞ்சு போகுது. தொப்பை கூடக்கூட ஏறுற லெப்டின் இந்த செல் பெருகறதை அடக்குதுன்னும் தெரிஞ்சுது. 2011ல இன்னொண்ணு, குண்டு எலிங்களோட வயித்துக் கொழுப்புல ஆன்ட்டிபாடி உண்டாக்கற பி செல்லும் சேருது, அந்த எலில இருந்து எடுத்த ஆன்ட்டிபாடியை பி செல்லே இல்லாத எலிக்கு ஏத்தினா அதுக்கும் இன்சுலின் வேலை செய்யாம போகுது. டைப் 2ங்கறது வெறும் சாப்பாட்டு நோய்னு நாம பேசறோம், அதுக்குள்ளயும் நோய் எதிர்ப்பு படைதான் உக்காந்திருக்கு. அப்போ ரெண்டு நோய்க்கும் நடுவுல போட்ட கோடு நாம நினைச்ச அளவு கெட்டியா இல்ல.

கணையத்துப் பக்கம் வாங்க. தொப்பையால இன்சுலின் தேவை கூடுது, இன்சுலின் சுரக்கிற பீட்டா செல் ஓவர்டைம் பாக்குது. ஓயாம வேலை செய்யற பீட்டா செல் தன் மேல தன்னோட அடையாளத் துண்டுகளை அதிகமா காட்டிக்கும், ஏற்கனவே அதை எதிரின்னு தப்பா நினைச்சிருக்கிற, தாக்கற வகை டி செல்லுக்கு ஆளைக் கண்டுபிடிக்க இன்னும் சுலபம். கூடவே ரத்தத்துல சுத்தற அழற்சி ரசாயனம் பீட்டா செல்லை நேராவும் பலவீனமாக்குது. டெரன்ஸ் வில்கின்ங்கற மருத்துவர் 2001ல ஒரு கருத்து சொன்னாரு, டைப் 1, டைப் 2 ரெண்டும் ஒரே பாதைதான், பரம்பரை, உடம்பு எடை, ஆட்டோஇம்யூன் இது மூணும் ஆக்ஸிலரேட்டர் மாதிரி, யாருக்கு எதை எவ்வளவு மிதிச்சிருக்குங்கறதுதான் வித்தியாசம்னு. இதை ஏத்துக்காதவங்களும் நிறைய பேர் இருக்காங்க, மரபணுவுல ரெண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டுன்னு சொல்றாங்க. ஆனா லாடாவைப் பாத்தா அவர் சொன்னது ஏதோ ஒரு இடத்துல பொருந்தத்தான் செய்யுது, டைப் 1க்கு உரிய எச்எல்ஏ மரபணுவும் இவங்ககிட்ட இருக்கு, டைப் 2க்கு உரிய டிசிஎஃப்7எல்2ம் சில ஆராய்ச்சில தெரியுது.

இன்னொரு இணைப்பு, எனக்கு ரொம்ப முக்கியமா படறது. 12-லிப்பாக்ஸிஜினேஸ்னு ஒரு என்சைம், ஜெர்ரி நாட்லர்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் வருஷக்கணக்கா இதைத் தொடர்ந்து பாத்தவரு. கொழுப்பு அமிலத்தை அழற்சிப் பொருளா மாத்தற என்சைம் இது. தானா ஆட்டோஇம்யூன் சுகர் வர்ற என்ஓடி எலிங்கள்ல இந்த வகை என்சைமுக்கான மரபணுவை எடுத்துட்டா சுகர் வர்றது பெருமளவு தடுக்கப்படுது. அதே மரபணு இல்லாத எலிக்கு கொழுப்பு தீனி போட்டாலும் வயித்துக் கொழுப்புல அழற்சி குறைவா இருக்கு. மனுஷங்கள்லயும் குண்டானவங்க ஓமெண்டம் கொழுப்புல இந்த வகை என்சைம் தோலடிக் கொழுப்பை விட அதிகமா இருக்கறதைப் பாத்திருக்காங்க. வயித்துல எரியற தீக்கும் கணையத்துல எரியற தீக்கும் ஒரே தீக்குச்சி. எலில நடந்தது மனுஷனுக்கு அப்படியே நடக்கும்னு இல்ல, தொப்பை இருக்கிற எல்லாருக்கும் ஆட்டோஇம்யூன் சுகர் வரும்னு யாரும் சொல்லல, நானும் சொல்லல. தொப்பை மட்டும் ஆன்ட்டிபாடியை உண்டாக்கிடுங்கறதுக்கு நிரூபணம் கிடையாது. ஆனா உள்ள ஏற்கனவே கணகணன்னு இருக்கிற தணலுக்கு அது காத்து அடிச்சு விடற வாய்ப்பு இருக்குங்கறதுதான் இவ்வளவு ஆராய்ச்சியும் காட்டற திசை.

இதெல்லாம் நோயாளிக்கு எதுக்குன்னு கேப்பீங்க. சிகிச்சையே மாறுதுங்க, அதுக்குத்தான். 2020ல பல நாட்டு நிபுணர்கள் கூடி லாடாவுக்கு ஒரு வழிமுறை எழுதினாங்க, சி-பெப்டைடை வெச்சு. 0.3 நானோமோலுக்குக் கீழ, அதாவது நம்ம லேப் ரிப்போர்ட்ல வர்ற கணக்குல சுமார் 0.9 நானோகிராமுக்குக் கீழன்னா டைப் 1 மாதிரியே இன்சுலின்தான். 0.7க்கு மேல, சுமார் 2.1 நானோகிராமுக்கு மேலன்னா டைப் 2 மாதிரியே மாத்திரையில போகலாம், ஆனா விடாம திரும்பத் திரும்ப சி-பெப்டைடு பாக்கணும். நடுவுல இருக்கிறவங்களுக்கு ஆளைப் பாத்து முடிவு பண்ணி ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டெஸ்ட். கிளிமிபிரைடு குடும்பத்து மாத்திரை, சல்ஃபோனைல்யூரியான்னு சொல்வாங்க, அது வேண்டாம்னு தெளிவா எழுதியிருக்காங்க, ஏற்கனவே ஓஞ்சு போன பீட்டா செல்லை அது இன்னும் பிழிஞ்சு எடுக்கும். ஜப்பான்ல 2008ல வந்த ஒரு ஆராய்ச்சில அந்த மாத்திரை சாப்பிட்டவங்களை விட சீக்கிரமே இன்சுலினுக்கு மாறினவங்களுக்கு சி-பெப்டைடு நல்லா தங்குச்சு. எங்க வீட்டுக்காரர் அந்த மாத்திரையை ரெண்டு வருஷம் சாப்பிட்டாரு. மொதல் மாசமே தெரிஞ்சிருந்தா இன்னிக்கு அந்த 0.6 எவ்வளவா இருந்திருக்கும்னு சில ராத்திரி தூக்கம் வராம கணக்குப் போட்டுட்டு இருப்பேன்.

இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையைத் தானா நிறுத்திடாதீங்க, அதையும் சொல்லிடறேன், டாக்டர்கிட்ட கேளுங்க.

லாடான்னு தெரிஞ்சா தொப்பையை அப்புறம் பாத்துக்கலாமான்னு ஒருத்தங்க என்னைக் கேட்டாங்க. அப்படி இல்ல. தொட்டில தண்ணி வரத்து குறைஞ்சிட்டு இருக்கறப்ப கீழ குழாயும் திறந்து கிடந்தா எப்படி? ஆட்டோஇம்யூன் இன்சுலின் வரத்தைக் குறைக்குது, உள்கொழுப்பு இன்சுலின் செலவைக் கூட்டுது. கொழுப்பு குறைஞ்சா போடற இன்சுலின் அளவு குறையும், கல்லீரலுக்கும் நல்லது, இதயத்துக்கும் நல்லது. இடுப்பு சுத்தளவு உயரத்துல பாதிக்குள்ள இருக்கணும்னு ஒரு கணக்கு சொல்றாங்க, டேப்பு ஒண்ணு இருந்தா வீட்லயே பாத்துடலாம். ஆனா மெலியறது ரெண்டு விதம், நடந்து உழைச்சு இடுப்பு குறையறது வேற, சதை வத்தி தொடை சூம்பி தாகத்தோட குறையறது வேற. ரெண்டாவதைப் பாத்து யாரும் பாராட்டாதீங்க, ரத்தம் எடுக்க கூட்டிட்டுப் போங்க.

டாக்டர்களைக் குத்தம் சொல்ல நான் எழுதல. ஒரு நாளைக்கு அத்தனை பேரைப் பாக்கிறாங்க, பெரும்பாலும் அவங்க கணிப்பு சரியாத்தான் இருக்கு. சுகர் வந்த எல்லாருக்கும் ஜிஏடி பாருங்கன்னு கேக்கறதும் சரியில்ல, யாருக்கு வேணும்னு பாக்காம எல்லாருக்கும் எடுத்தா லேசான பொய் பாசிட்டிவ் நிறைய வரும், அப்புறம் அதுக்கு வேற பயம். ஆனா வருஷம் திரும்பறதுக்குள்ள மாத்திரை ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு மூணாச்சு, குடும்பத்துல தைராய்டோ வெண்புள்ளியோ முடக்குவாதமோ இருக்கு, காரணமில்லாம மெலியறாரு, இப்படி இருக்கிறவரைப் பாத்து நாலாவது தடவையும் "வாயைக் கட்டறீங்களா"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு டெஸ்ட்டை எழுதலாம் இல்லையா. தொப்பையைக் காரணம் காட்டி எழுதாம விடறதுதான் எனக்கு வலிக்குது. நம்பாம கேக்கற அந்தக் கேள்வி ஒரு மனுஷனை என்ன பண்ணும்னு நான் வீட்ல பாத்தேன், எல்லாரோடவும் உக்காந்து சாப்பிடறதையே நிறுத்திட்டாரு, தட்டை எடுத்துட்டு ரூமுக்குப் போயிடுவாரு.

இப்போ காலைல ஒரு நீண்ட நேர இன்சுலின், மூணு வேளைக்கு மூணு ஊசி, எச்பிஏ1சி 7.2. வெயிட் 6 கிலோ திரும்பி வந்திருக்கு, இந்தத் தடவை சதையா. மறுபடி எங்ககூட உக்காந்து சாப்பிடறாரு. ஜிஏடி பாசிட்டிவ்னா தைராய்டையும் பாக்கணும்னு சொன்னாங்க, பாத்தோம், இப்போதைக்கு ஒண்ணும் இல்ல, வருஷா வருஷம் பாக்கணும்.

உங்க மருத்துவப் பக்கத்துல அடுத்த தடவை சுகர் பத்தி வரும்போது, ஜிஏடி ஆன்ட்டிபாடி, சி-பெப்டைடு இந்த ரெண்டு பேரையும், அந்த அஞ்சு கேள்வியையும் ஒரு கட்டம் கட்டிப் போடுங்க. அதை யாராவது கத்தரிச்சு பையில வெச்சுட்டு டாக்டர்கிட்ட கொண்டு போவாங்க, நான் அப்படி எத்தனையோ துண்டு வெச்சிருக்கேன், இது மட்டும்தான் கிடைக்காம போச்சு.

போன மாசம் கண் டெஸ்ட்டுக்குப் போனோம். எங்க பழைய ஃபைலைப் பாத்து அங்க இருந்த பொண்ணு ஃபார்ம்ல டைப் 2ன்னு எழுதிக் குடுத்துச்சு. இவர் சட்டைப் பையில இருந்து பேனாவை எடுத்து அந்த 2ஐ அடிச்சுட்டு, பக்கத்துல நிதானமா லாடான்னு எழுதி, அந்தப் பொண்ணு கேக்கறதுக்கு முன்னாடியே அப்படின்னா என்னன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. எங்களுக்குப் பின்னாடி நின்னவங்களும் கேட்டுட்டு இருந்தாங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி